பூகம்பம் இல்லாமலும் கடல் ஏறும்

2004 டிசம்பர் 26க்குப் பிறகு கடல் தொடர்பான எல்லாப் பயத்துக்கும் நம்மிடம் ஒரே பெயர்தான். கரையோரத் தெருவில் தண்ணீர் ஏறினால் சுனாமி. கடல் கொஞ்சம் உள்வாங்கினால் சுனாமி வரப்போகிறது. கார்த்திகையில் அலை தடுப்புச்சுவரைத் தாண்டி அடித்தால், தொலைக்காட்சியில் “சுனாமி போன்ற ராட்சத அலைகள்”. இவை ஒவ்வொன்றும் வேறு வேறு சங்கதி. வரும் காரணம் வேறு, வரும் மாதம் வேறு, எச்சரிக்கை கிடைக்கும் நேரமும் வேறு.

தூத்துக்குடிக்கு அந்த டிசம்பர் காலையில் இலங்கை அரணாக நின்றது. சுமத்ராவிலிருந்து வந்த அலை இலங்கையின் தென்முனையைச் சுற்றி வளைந்துதான் மன்னார் வளைகுடாவுக்குள் நுழைய முடிந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரம் பேர் அளவில், கன்னியாகுமரியில் எண்ணூறு பேர் அளவில் மாண்டபோது, இடையில் இருக்கும் தூத்துக்குடி மாவட்டத்தில் உயிரிழப்பு ஒற்றை இலக்கத்தில் நின்றது. அதனால் “நம்ம ஊருக்குக் கடல் ஏறாது” என்ற ஒரு தைரியம் இங்கே உண்டு. சுனாமியைப் பொறுத்தவரை அதில் ஓரளவு நியாயம் இருக்கிறது. காற்றும் மேகமும் கிளப்பிவிடும் அலைகளுக்கு அந்தக் கணக்கு செல்லாது. அவற்றில் சில இலங்கையைத் தாண்டியே வருகின்றன. சில வளைகுடாவின் தென்வாசல் வழியாக நேராக வருகின்றன.

அலை என்றதும் நாம் முதலில் கேட்பது “எத்தனை அடி உயரம்?” என்றுதான். செய்தியாளரும் அதைத்தான் கேட்கிறார். கேட்க வேண்டிய கேள்வி வேறு: ஒரு அலைக்கும் அடுத்த அலைக்கும் எவ்வளவு நேரம்?

சாதாரண நாளில் கரையில் நின்று எண்ணினால் ஐந்து முதல் எட்டு வினாடிக்கு ஒன்று என்று வரும். அது பக்கத்துக் காற்று கிளப்பும் அலை. பதினைந்து, இருபது வினாடிக்கு ஒன்று என்று வந்தால், அது ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி எங்கோ அடித்த காற்றின் வேலை. பத்து நிமிடம், அரைமணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணீர் ஏறி இறங்கினால், ஒன்று கடலடியில் பூமி அசைந்திருக்க வேண்டும், இல்லையேல் கடலின் மேல் காற்றழுத்தம் திடீரென எகிறியிருக்க வேண்டும். பல மணி நேரம் ஏறிக்கொண்டே போய், பிறகு மெதுவாக இறங்கினால் அது புயல்.

மூன்று மீட்டர் உயரத்தில் எட்டு வினாடிக்கு ஒருமுறை வரும் அலை, கரையில் உடைந்து நுரைத்து, தெருவுக்குள் ஓட நேரமில்லாமல் திரும்பிவிடும். ஒரே ஒரு மீட்டர் உயரத்தில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வரும் அலையோ, பத்து நிமிடம் நிற்காமல் உள்ளே ஓடும். பிறகு பத்து நிமிடம் நிற்காமல் வெளியே இழுக்கும். அதை அலை என்பதைவிட ஆறு என்பதே சரி. நங்கூரமிட்ட படகைக் கயிற்றோடு பிடுங்குவதும் அந்த ஓட்டம்தான்.

இந்தக் கரையில் அதிகம் சேதம் செய்தது, மணிக்கணக்கில் ஏறும் அந்தக் கடைசி வகை. வானிலைக்காரர்கள் அதைப் புயல் எழுச்சி என்பார்கள். இரண்டு காரணங்கள் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. ஒன்று, புயலின் நடுவில் காற்றழுத்தம் குறைந்து கிடப்பது. மேலிருந்து அழுத்தும் எடை குறைந்தால் அந்த இடத்தில் கடல் மேலே எழும்பும். அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல் ஒரு சென்டிமீட்டர் ஏறும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. சுற்றுப்புறத்தைவிட 50 மில்லிபார் குறைந்த கடும் புயலுக்கும் இதனால் அரை மீட்டர்தான் ஏறும். பெரிய வேலையைச் செய்வது இரண்டாவது காரணம்: காற்று. மணிக்கணக்கில் கரையை நோக்கி அடிக்கும் காற்று மேல்நீரைத் தள்ளிக்கொண்டே வரும். கடல் ஆழமாக இருந்தால் தள்ளப்பட்ட நீர் அடியில் திரும்பி ஓடிவிடும். ஆழம் இல்லாவிட்டால் திரும்பிப் போக இடமில்லை, கரையில் குவியும். ஒரே காற்று ஆழமற்ற கடலில் அதிக நீரையும் ஆழமான கடலில் குறைந்த நீரையும் ஏற்றுவது இதனால்தான்.

இப்போது வரைபடத்தைப் பாருங்கள். ராமேசுவரம் தீவுக்கு வடக்கே பாக் விரிகுடா. அதன் பெரும்பகுதி பத்து மீட்டரைச் சுற்றிய ஆழம்தான். தெற்கே மன்னார் வளைகுடா. கரையோரம் மேடாக இருந்தாலும் தெற்கே போகப்போக ஆயிரம் மீட்டருக்கும் கீழே இறங்குகிறது. இரண்டுக்கும் நடுவில், கைவிரல் நீட்டியதுபோல ஒரு மணல்திட்டு. அதன் நுனியில் இருந்த ஊர் தனுஷ்கோடி.

1964 டிசம்பர் 17 வாக்கில் தெற்கு அந்தமான் கடலில் உருவான தாழ்வு, 19ஆம் தேதி புயலாகி, 22ஆம் தேதி இலங்கையின் வடபகுதியைக் கடந்து பாக் விரிகுடாவுக்குள் வந்தது. சுழற்காற்று நம் பாதி உலகத்தில் இடஞ்சுழியாகச் சுற்றும். அதனால் கிழக்கிலிருந்து வரும் புயலுக்கு முன்னால் வடகாற்றுதான் முதலில் அடிக்கும். அந்த வடகாற்று ஆழமற்ற விரிகுடாவின் நீரை மொத்தமாகத் தெற்கே தள்ளினால், அது போய் முட்டும் இடம் ராமேசுவரம் தீவும் அந்த மணல்திட்டும்தான். 22 இரவு, பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குப் போன 653ஆம் எண் பயணிகள் ரயில், நிலையத்தை எட்டுவதற்குச் சற்று முன் கடலுக்குள் போனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. இரு நாடுகளிலுமாக இறந்தவர்கள் 1,800 பேர் இருக்கலாம் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. பாம்பன் பாலத்தின் கண்களில் பெரும்பாலானவை அடித்துச் செல்லப்பட்டன. ரயில்வே பொறியாளர் இ. ஸ்ரீதரன் பொறுப்பேற்று 46 நாளில் அதைச் சரிசெய்த கதை பலருக்கும் தெரிந்தது.

அன்று கடல் எவ்வளவு ஏறியது? வானிலைத் துறைப் பதிவுகளில் 3 முதல் 5 மீட்டர் என்று இருக்கும். மக்கள் சொல்வதிலும் பத்திரிகைகளிலும் 7 மீட்டர் அலை என்று இருக்கும். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுச்சி என்பது கடல்மட்டமே உயர்வது. உயர்ந்த அந்த மட்டத்தின்மேல் புயல்காற்றின் அலைகள் தனியாக அடிக்கும். அலைமானி சொல்வது முன்னதை. வீட்டுக்கூரையில் நின்றவர் பார்த்தது இரண்டும் சேர்ந்ததை.

தூத்துக்குடிக்கு வருவோம். இங்கே கடலடி தனுஷ்கோடியின் வடபக்கம்போல அகன்ற தட்டாக இல்லை. முத்துச்சிப்பி வாழும் பாறைத்திட்டுகளான பார்கள் கிடக்கும் ஆழமற்ற பகுதியைத் தாண்டியதும் சரிவு தொடங்கிவிடும். எனவே எழுச்சி அந்த அளவுக்குப் போவது கடினம். ஆனால் இன்னொரு கணக்கு இருக்கிறது. இந்தக் கடலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. பௌர்ணமி, அமாவாசை நாட்களிலும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டரைத் தொடாது. குஜராத்தின் காம்பே வளைகுடாவில் நாள்தோறும் பல மீட்டர் ஏறி இறங்குவதால், அங்கே யாரும் நீரோரத்தில் வீடு கட்டுவதில்லை. இங்கே கட்டுவார்கள். உப்பளப் பாத்திகளோ கடல்மட்டத்தை ஒட்டியே கிடக்கின்றன. தினமும் முழங்கால் அளவே ஏறிப் பழகிய கடல் ஒன்றரை மீட்டர் ஏறினால், அதைத் தடுக்க நிலத்தில் மேடு எதுவும் இல்லை.

அப்படி ஏறிய நாளும் உண்டு. 1992 நவம்பர் 13 மாலை ஒரு கடும் புயல் தூத்துக்குடி அருகே கரை கடந்தது. கடல் ஒன்று முதல் இரண்டு மீட்டர் வரை ஏறியது. அந்தப் புயலை நினைவு வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் தாமிரபரணி வெள்ளத்தைத்தான் சொல்வார்கள். அதுவும் சரிதான். மாஞ்சோலை மலையில் கொட்டிய மழை கீழே இறங்கி, கரையோர ஊர்களைவிட ஆற்றங்கரை ஊர்களை அதிகம் வதைத்தது. ஆனால் கடல் ஏறி நிற்கும்போது ஆற்றுநீர் கடலுக்குள் வடிவதும் மெதுவாகும். வெள்ளமும் எழுச்சியும் ஒரே நாளில் வந்தால் இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் பார்க்க முடியாது.

இந்த இடத்தில் புயல் கூண்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தமிழ்நாட்டில் புயல் செய்தி என்றாலே கூண்டு எண்தான். “தூத்துக்குடி, பாம்பன் துறைமுகங்களில் 3ஆம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது.” கேட்கும் எல்லோரும் இதைப் பரீட்சை மதிப்பெண் மாதிரி எடுத்துக்கொள்கிறோம். மூன்றைவிட ஐந்து மோசம், ஐந்தைவிட ஆறு மோசம், பதினொன்று என்றால் உலகமே முடிந்தது. உண்மையில் அது ஏணி இல்லை.

1ஆம் எண்: தூரக் கடலில் தாழ்வு இருக்கிறது. 2: தூரக் கடலில் புயலே உருவாகிவிட்டது. இரண்டும் வெளியே போகும் கப்பல்களுக்கான தகவல். துறைமுகத்துக்கு இன்னும் ஒன்றும் இல்லை. 3: துறைமுகத்தில் பலத்த காற்று வீசக்கூடும். 4: துறைமுகத்தையே புயல் தொடக்கூடும். இதுவரை ஏணிதான். அடுத்த மூன்றைப் பாருங்கள். 5 என்றால் புயல் துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கடக்கும். 6 என்றால் வலப்பக்கம் விட்டுக் கடக்கும். 7 என்றால் துறைமுகத்தின் மேலாகவோ வெகு அருகிலோ கடக்கும். 8, 9, 10 மூன்றும் அதே இடது, வலது, நேர் வரிசைதான். புயல் மட்டும் இன்னும் கடுமையானது. 11 என்பது வானிலை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துவிட்டது என்பதற்கு. பகலில் கூம்பும் உருளையுமாகத் தொங்கும் வடிவங்கள், இரவில் சிவப்பு, வெள்ளை விளக்குகள். வானொலி இல்லாத காலத்து மாலுமிக்காக உருவான முறை. இடமா வலமா என்று அவருக்கு எதற்குச் சொன்னார்கள்?

கிழக்கிலிருந்து மேற்கே போகும் புயலின் முதுகுக்குப் பின்னால் நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதன் வலக்கைப் பக்கம் வடக்கு, இடக்கைப் பக்கம் தெற்கு. இடஞ்சுழிக் காற்று வடபக்கத்தில் கடலிலிருந்து நிலத்தை நோக்கியும், தென்பக்கத்தில் நிலத்திலிருந்து கடலை நோக்கியும் அடிக்கும். ஆக, புயல் திருச்செந்தூருக்குப் பக்கத்தில் கரை கடந்தால் தூத்துக்குடி வலப்பக்கம்; கூண்டு 6 அல்லது 9; காற்று கடல்நீரை ஊருக்குள் தள்ளும். அதே புயல் வேம்பாருக்குப் பக்கத்தில் கடந்தால் தூத்துக்குடி இடப்பக்கம். கூண்டு 5 அல்லது 8. காற்று நிலத்திலிருந்து அடித்து நீரைக் கடலுக்கே விரட்டும். முத்துநகர் கடற்கரையில் கடல் உள்வாங்கித் தரை தெரியும். மக்கள் அதைப் பார்த்துச் “சுனாமி வரப்போகுது” என்று ஓடுவார்கள். அந்த நேரத்தில் நீர் குவிவது வடக்கே, மூக்கையூர்ப் பக்கம். 5க்கும் 6க்கும் வித்தியாசம் ஒரே ஒரு எண்தான். நடுத்தெருவில் தண்ணீர் நிற்குமா நிற்காதா என்பதை அதுதான் சொல்கிறது. செய்தி வாசிப்பவர்கள் எண்ணோடு இடமா வலமா என்பதையும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று ஒவ்வொரு புயலின்போதும் தோன்றும்.

கணிப்பு மாறும் என்பதையும் மறக்கக் கூடாது. 2020 டிசம்பரில் புரெவி புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவுக்குள் வந்தபோது, தென்மாவட்டங்கள் எல்லாம் தயாராக நின்றன. அது ராமநாதபுரம் கரைக்கு அருகே வந்து, நகராமல் நின்று, அங்கேயே வலுவிழந்தது. அப்படி நடந்தால் வானிலைத் துறையைக் கேலி செய்வது நம் வழக்கம். சிறிய வளைகுடாவில் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போனாலே இடது வலதாகிவிடும் என்பதை நினைத்தால் கேலி குறையும்.

இனி, பெயரே சரியாகப் பழக்கப்படாத ஒரு வகை. நிலநடுக்கம் இல்லை, பெரும்புயலும் இல்லை; ஆனால் கடல் சுனாமி மாதிரியே சில நிமிட இடைவெளியில் ஏறி இறங்கும். வானிலைச் சுனாமி என்கிறார்கள். இடிமழையின் முன்விளிம்பில் காற்றழுத்தம் இரண்டு மூன்று மில்லிபார் சட்டென்று எகிறுவதுண்டு. முன்பு பார்த்த கணக்குப்படி அது கடலை மூன்று சென்டிமீட்டர் அமுக்கும். மூன்று சென்டிமீட்டர் என்பது ஒரு விஷயமே இல்லை. அது எப்படி வீட்டு உயரத்துக்குப் போகிறது?

எல்லாம் வேகப்பொருத்தத்தில் இருக்கிறது. நீண்ட அலையின் வேகத்தைத் தீர்மானிப்பது கடலின் ஆழம். ஆழத்தை மீட்டரில் எடுத்துப் பத்தால் பெருக்கி வர்க்கமூலம் கண்டால், வினாடிக்கு எத்தனை மீட்டர் என்று தோராயமாகக் கிடைக்கும். 4,000 மீட்டர் ஆழத்தில் வினாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர். சுனாமி விமான வேகத்தில் வருவது அதனால்தான். 40 மீட்டர் ஆழத்தில் மணிக்கு 72 கிலோமீட்டர். 10 மீட்டரில் 36. இந்தச் சிறிய எண்கள் இடிமேகக் கூட்டம் நகரும் வேகங்கள். மேகமும் அதற்குக் கீழே ஓடும் அலையும் ஒரே வேகத்தில் போனால், அழுத்தம் அதே அலையை விடாமல் தள்ளிக்கொண்டே இருக்கும். கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு நடப்பவரின் எட்டும் வாளிக்குள் சாம்பார் ஆடும் ஆட்டமும் ஒத்துப்போனால் நாலே எட்டில் சாம்பார் இலையில் அல்ல, வேட்டியில் கொட்டும். அந்த மாதிரிதான்.

1979 மார்ச் 31 அன்று ஜப்பானின் நாகசாகியில் இதை அளந்தே பார்த்தார்கள். கிழக்குச் சீனக் கடலின் மேல் சுமார் 3 மில்லிபார் எகிறல் ஒன்று மணிக்கு நூறு கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் ஓடிவந்தது. அந்தக் கடல்தட்டின் ஆழத்துக்கு அதே வேகம். 3 சென்டிமீட்டர், கரையை நெருங்கும்போது பதினைந்து சென்டிமீட்டரைத் தாண்டியது. பிறகு நாகசாகியின் நீண்ட குடாவுக்குள் நுழைந்தது. அந்தக் குடாவுக்கென்று ஒரு சொந்த ஆட்டம் உண்டு, அரைமணி நேரத்துக்குச் சற்று மேலே. வந்த அலையின் இடைவெளியும் அதோடு பொருந்த, குடாவின் கோடியில் நீர் ஏறி இறங்கிய வித்தியாசம் 4.78 மீட்டர். மூன்று பேர் இறந்தார்கள்.

ஸ்பெயினின் மெனோர்கா தீவில் சியுதாதெயா துறைமுகமும் இப்படித்தான். ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒடுங்கிய நீர்ச்சந்து. பத்து நிமிட ஆட்டம். 2006 ஜூன் 15 அன்று சந்தில் இருந்த நீர் சட்டென்று வடிந்து, படகுகள் தரைதட்டி, அடுத்த நிமிடங்களில் திரும்பிவந்த நீரில் நாற்பதுக்கு மேற்பட்டவை மூழ்கின அல்லது உடைந்தன. காற்று பெரிதாக இல்லை. 1954 ஜூன் 26 அன்று சிகாகோவில் நடந்தது இன்னும் கொடுமை. மிச்சிகன் ஏரியைக் காற்றும் மழையும் கடந்து போய்விட்டன. வானம் தெளிந்ததும் மக்கள் அலைதடுப்பின் மேல் திரும்ப வந்து தூண்டில் போட்டார்கள். எதிர்க்கரையில் மோதித் திரும்பிய அலை அதற்கப்புறம் வந்து ஏழெட்டுப் பேரைக் கொண்டு போனது. நமக்குப் பக்கத்தில் பாரசீக வளைகுடாவில், 2017 மார்ச் 19 அன்று ஈரானின் தய்யர் ஊரில் இப்படி ஓர் அலை வந்து உயிர்களைப் பறித்தது.

மன்னார் வளைகுடாவில் இதற்கு இடமுண்டா? பொருத்தம் பார்த்தால் உண்டு என்றுதான் சொல்ல வேண்டும். தூத்துக்குடிக்கு எதிரே பார்கள் கிடக்கும் தட்டின் ஆழம் இருபதைச் சுற்றி, சரிவுக்கு முன் இன்னும் கொஞ்சம் கூடுதல். அங்கே நீண்ட அலை போகும் வேகம் மணிக்கு ஐம்பது முதல் எழுபது. சித்திரை மாத இடிமேகம் அந்த வேகத்தில் போவது அபூர்வம் இல்லை. ஆனால் தட்டு குறுகலானது. நாகசாகியில் அலைக்குத் தள்ளு வாங்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கிடைத்தது. இங்கே அரைமணி நேரத்தில் தட்டு முடிந்துவிடும். ஓடுவதற்குள் வளர நேரமில்லை. அகன்ற தட்டு கொண்ட பாக் விரிகுடாவில் அதிக நேரம் கிடைக்கும். ஆனால் அங்கே பொருந்தும் வேகம் 36தான். இலங்கைக் கரையின் அலைமானிகளை வைத்து 2010இல் வெளியான ஆய்வொன்று, திருகோணமலை விரிகுடாவின் ஆட்டத்தை அந்தமான் கடலிலிருந்து கடலுக்கடியில் வரும் அலைகளோடும், மேற்குக் கரையின் ஆட்டத்தை வானிலையோடும் தொடர்புபடுத்துகிறது. அந்த மேற்குக் கரை நம் வளைகுடாவின் எதிர்க்கரைதான்.

மன்னார் வளைகுடாவுக்கு மழைமேகம் தள்ளும் அலையைவிட அதிகம் வருவது கள்ளக்கடல். கேரள மீனவர்கள் சொல்லிப் பழகிய பெயர், இப்போது தமிழ்ச் செய்திகளிலும் வந்துவிட்டது. காற்றில்லை, மேகமில்லை, வெயில் சுள்ளென்று அடிக்கிறது. கடல் மட்டும் ஏறிக்கொண்டிருக்கும். தென்னிந்தியப் பெருங்கடலில், அண்டார்டிகாவை நெருங்கிய பகுதியில் அடிக்கும் பெருங்காற்று கிளப்பும் அலைகள் இவை. அலைகளில் இடைவெளி அதிகமானவை வேகமாகப் போகும். பதினெட்டு வினாடி அலைகளின் கூட்டம் மணிக்கு ஐம்பது கிலோமீட்டர், அதாவது நாளுக்கு 1,200 கிலோமீட்டர் நகரும். ஆறாயிரம் கிலோமீட்டர் தெற்கே கிளம்பியது ஐந்து நாளில் நம் வாசலில். வழியில் தடுக்கத் தீவு எதுவும் இல்லை. மன்னார் வளைகுடாவின் வாய் தெற்கே திறந்தது. மணப்பாடும் பெரியதாழையும் அந்த வாயின் உதட்டில் இருக்கின்றன.

2024 ஏப்ரல் 26 வாக்கில் தென்னட்லாண்டிக்கிலிருந்து தென்னிந்தியப் பெருங்கடலுக்குள் நகர்ந்த ஒரு தாழ்வு, இந்தியக் கரையிலிருந்து ஏறத்தாழ பத்தாயிரம் கிலோமீட்டர் தொலைவில் அலைகளைக் கிளப்பியது. ஐதராபாத்தில் உள்ள இந்திய தேசியக் கடல்சார் தகவல் சேவை மையம் இன்காய்ஸ், கேரளத்துக்கும் தென் தமிழகத்துக்கும் முன்கூட்டியே எச்சரித்தது. மே 6 காலை, கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் அருகே லெமூர் கடற்கரையில் கால் நனைக்க இறங்கிய மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் இறந்தார்கள். வெயில் நாள், சுற்றுலாக் கடற்கரை, காற்றில்லாத காலை. கடலைப் பார்த்து ஆபத்தை ஊகிக்க ஒன்றுமே இல்லை. எண்ணிப் பார்த்தால் மட்டும் தெரிந்திருக்கும், அலைகளுக்கிடையே வழக்கத்தைவிட நீண்ட இடைவெளி இருந்தது.

இதில் என்னை உறுத்துவது மாதம். தூத்துக்குடியின் பழைய கடல் நாட்காட்டி முழுவதும் காற்றைப் பார்த்து எழுதப்பட்டது. முத்துக்குளிப்பு பங்குனி, சித்திரையில் நடக்கும். அப்போது வாடை ஓய்ந்திருக்கும், தென்மேற்குக் காற்றான கச்சான் தொடங்கியிருக்காது, கடல் தெளிந்து பத்துப் பதினைந்து மீட்டருக்குக் கீழே கிடக்கும் பார் தெரியும். தோணிகளும் கச்சான் காலத்தில் ஓட்டத்தை நிறுத்திவிடும். உப்பு வாருவது வெயிலில். ஐப்பசி, கார்த்திகையில் உப்பளம் ஓய்வு. ஆக புயல் மாதங்களில் கடலை நம்பாத ஒரு வாழ்க்கை. 1961இல் நடந்த கடைசிச் சலாபத்தோடு முத்துக்குளிப்பு நின்றுபோனாலும் அந்த ஒழுங்கு இன்னும் மீனவர் பேச்சில் இருக்கிறது. ஆனால் கள்ளக்கடல் அதிகம் வருவது அந்த அமைதியான ஏப்ரல், மே மாதங்களில்தான். இடிமேகம் தள்ளும் அலைக்கும் அதுவே பருவம். காற்றை வைத்துக் கணித்த நாட்காட்டியில், காற்றில்லாமல் வரும் இவற்றுக்குக் கட்டமே இல்லை.

கடலில் ஏதாவது தடுப்பு இருந்தால் போதாதா என்று கேட்கலாம். வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு இரண்டு அலைதடுப்புச் சுவர்கள் இருக்கின்றன; வடக்கே நாலு கிலோமீட்டருக்குச் சற்று மேல், தெற்கே சற்றுக் குறைவு, இரண்டும் கருங்கல் கொட்டிக் கட்டியவை. கச்சான், வாடை அலைகளை அவை உடைத்துவிடும். பவளப்பாறைகளும் அதே வேலையைச் செய்கின்றன. தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவு, காசுவாரி, காரைச்சல்லி. முன்பு இந்தப் பாறைகளைச் சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுத்தார்கள். 2004க்குப் பின் அது ஏறக்குறைய நின்றது. சுனாமி செய்த ஒரே நல்ல காரியம். வெட்டியதற்குக் கூலியாக வான் தீவு தேய்ந்து சுருங்கியது. விலாங்குசல்லி முன்பே நீருக்குள் போய்விட்டது. 2015க்குப் பிறகு வான் தீவுக்கு முன்னால் காங்கிரீட்டில் செய்த செயற்கைப் பாறைகளை இறக்கி, மண் சேரும்படி செய்து, தீவைக் காப்பாற்றிவைத்திருக்கிறார்கள்.

பாறையும் சுவரும் வினாடிக்கணக்கில் வரும் அலையை உடைக்கும். கள்ளக்கடலைக்கூட ஓரளவு மட்டுப்படுத்தும். மணிக்கணக்கில் ஏறும் எழுச்சிக்கு அவை வெறும் மேடு. கடல்மட்டமே அவற்றுக்கு மேலே போய்விடும். நிமிடக்கணக்கில் வருவது துறைமுக வாசல் வழியாகவே உள்ளே நுழையும், உள்ளிருக்கும் குளத்தின் சொந்த ஆட்டத்தோடு பொருந்தினால் வெளியே இருப்பதைவிட உள்ளே மோசமாகும். சியுதாதெயாவில் படகுகள் மூழ்கியது துறைமுகத்துக்குள்தான்.

யார் எதைச் சொல்வார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளலாம். புயலும் எழுச்சியும் என்றால் இந்திய வானிலைத் துறையும் கூண்டும். நாட்கணக்கில் அவகாசம் கிடைக்கும். சுனாமிக்கு 2007 முதல் இன்காய்ஸிலேயே இயங்கும் எச்சரிக்கை மையம்; சுமத்ராவிலிருந்து என்றால் சில மணி நேரம். கள்ளக்கடலுக்கும் அதே இன்காய்ஸ். இரண்டு மூன்று நாள் முன்பே தெரியும், கைப்பேசியில் வரும். வானிலைச் சுனாமிக்கு மெனோர்காவில் 1980களிலிருந்தே முன்னறிவிப்பு தருகிறார்கள். அழுத்தமானியும் அலைமானியும் நிமிடத்துக்கு நிமிடம் காட்டும் எண்ணை ஒருவர் உட்கார்ந்து பார்த்தால்தான் அது சாத்தியம்.

கள்ளக்கடல் எச்சரிக்கை வரும் நாளில் படகுக்காரர்களுக்கு இன்காய்ஸ் சொல்வது சுருக்கமானது. துறைமுகத்தில் படகுகளை ஒன்றோடொன்று இடிக்காத அளவுக்கு இடைவெளி விட்டுக் கட்டுங்கள். கரையில் ஏற்றுவதையும் கரையிலிருந்து இறக்குவதையும் தள்ளிப்போடுங்கள். குளிக்க இறங்க வேண்டாம். ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு அந்த அலை ஒரு பொருட்டே இல்லை. இருபது வினாடிக்கு ஒருமுறை மெதுவாக உயர்ந்து தாழும், அவ்வளவுதான். அபாயமெல்லாம் கடைசி இருநூறு மீட்டரில், கரையோரத்தில்.